சாத்தியமில்லாத கதவு

“எனக்கு மூலக் கோப்பு வேணும்,” என்றேன்.

மேலாளரின் பேனா பாதிக் கையெழுத்தில் நின்றது. பக்கத்து நாற்காலியில் இருந்த கமா லேசாக இருமினார். வேலையில் சேர்ந்த முதல் நாள் எங்கள் துப்பறியும் நிறுவனத்தை நடத்தும் முன்னாள் போலீஸ்காரர், இன்ஸ்பெக்டர் சார், எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே விதியை மேலாளர் முன்னாலேயே உடைத்துக்கொண்டிருந்தேன். வேலை கொடுக்கும் கட்சிக்காரரிடம் எதை வேண்டுமானாலும் கேள், மூலத்தை மட்டும் கேட்காதே. கேட்டால் அவரைச் சந்தேகப்படுகிறாய் என்று அர்த்தம்.

“எந்தக் கோப்பு?” என்றார் மேலாளர்.

“உங்க கேட் டைரி. காவலாளி தினமும் கம்ப்யூட்டர்ல அடிச்சு வெச்சது. நாளுக்கு ஒண்ணா ஆயிரத்துத் தொண்ணூத்தாறு ஃபைல். எங்ககிட்ட இருக்கறது நகல். நகல வெச்சு நான் சான்று தர மாட்டேன்.”

“கம்ப்யூட்டர்ல நகல் என்ன, மூலம் என்னம்மா? ஜெராக்ஸ் மாதிரி மங்கிடவா போகுது?”

“மங்காது சார். மாறும்.”

“தப்பா எடுத்துக்காதீங்க சார்,” என்று கமா இடையில் புகுந்தார். “இது கொஞ்சம் அப்படித்தான். பிறந்த சர்டிபிகேட் பாக்காம யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாது.”

மேலாளர் சிரிக்கவில்லை. “திங்கக்கிழமையே உங்க இன்ஸ்பெக்டர் கையில நானே பென்டிரைவ குடுத்தேன். அவரு பாத்துட்டுத் திருப்தின்னு சொல்லிட்டாரு. அவரு கேக்காதத நீ கேக்கற. படிச்ச பொண்ணு. உனக்கே தெரியணும்.”

படிச்ச பொண்ணு. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இந்த இரண்டு சொற்களையும் நிறையக் கேட்டிருக்கிறேன். விண்ணப்பம் நிரப்பித் தரச் சொல்லும்போது ஒரு குரலில் வரும், வாயை மூடச் சொல்லும்போது வேறு குரலில் வரும். இது இரண்டாவது குரல்.

“தெரிஞ்சதாலதான் கேக்கறேன்,” என்றேன்.

அவர் தொலைபேசியை எடுத்து இன்ஸ்பெக்டரின் எண்ணை அழுத்தத் தொடங்கினார். நாங்கள் எழுந்து வெளியே வந்தோம்.

மாடிப்படியில் இன்னும் புகை வாசனை இருந்தது. பதினோரு நாள் முன்பு, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், இந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் பேக்கிங் கூடத்தில் தீப்பிடித்தது. முப்பத்தெட்டுப் பேர் முன்வாசல் வழியாக ஓடித் தப்பினார்கள். பின்கதவுக்கு அருகில் வேலை பார்த்த ஒரு பெண் பின்கதவுக்கு ஓடினாள். அங்கேயே கிடந்தாள்.

நிர்வாகம் சொல்வது இது: பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. திறந்துவிட வேண்டியது காவலாளி. அவர் இடத்தில் இல்லை. காவலாளி சொல்வது வேறு: பின்கதவு மூன்று மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது, சாவி மேலாளரிடம், இதைத் தினமும் டைரியில் எழுதியிருக்கிறேன்.

டைரியைத் திறந்தால் தினமும் ஒரே வரி. ‘பின்கதவு சாத்தியிருக்கிறது.’

சாத்திய கதவைத் தள்ளினால் திறக்கும். பூட்டிய கதவு திறக்காது. காவலாளி இப்போது காவல் நிலைய லாக்கப்பில் இருந்தார். மாலை நான்கு மணிக்குள் எங்கள் நிறுவனம் ‘இந்தக் கோப்புகளில் யாரும் கை வைக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தால், விசாரணை அதிகாரி அவரை ஓர் உயிரைக் கொன்றவராக எழுதி மூடிவிடுவார். அந்தச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டியது நான். மணி பன்னிரண்டரை.

“சரி தங்கச்சி,” என்றார் கமா. “மேலாளர் மூஞ்சிய எட்டா மடிச்சுட்ட. எதுக்குன்னு எனக்காவது சொல்லு.”

கமா எங்கள் அலுவலகத்தில் எனக்குத் துணையாக வருபவர். முன்பு பிழை திருத்துபவராக இருந்தவர். பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாததால் இந்தப் பட்டம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அதில் ஒரு வயதுகூட முகத்தில் ஒட்டவில்லை.

“காலைல ஒரு சின்னத் தேடல் பண்ணேன்,” என்றேன். “கட்டளை அடிக்கற கறுப்புத் திரையில ஒரே வரி. அத்தன ஃபைல்லயும் ‘பூட்டு’, ‘பூட்டி’ன்னு எங்கெல்லாம் வருதுன்னு கேட்டேன். எத்தன தடவ வந்திருக்கும்னு சொல்லுங்க.”

“ஆயிரம்?”

“ஒண்ணுகூட இல்ல.”

கமா படியில் நின்றார். “மூணு வருஷம் கேட்டுக்குக் காவல் இருந்த ஆளு, பூட்டுங்கற வார்த்தையே எழுதலயா?”

“மெயின் கேட்டக்கூட தினமும் ‘சாத்தினேன்’னுதான் எழுதியிருக்காரு.”

“பூட்டு வாங்க வசதியில்லாத கம்பெனி போல.”

நான் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினேன். ஏப்ரல் மாதத்து டைரியில் ஒரு வரி. ‘பின்கதவைப் பற்றிப் பலமுறை சொல்லியும் பதில் இல்லாதது வெறுப்சாத்துகிறது.’

பிழை திருத்துபவரின் கண் விழித்துக்கொண்டது. “வெறுப்சாத்துகிறதா? வெறுப்பு வந்து கதவ சாத்திட்டுப் போச்சா?”

“அந்த இடத்துல என்ன வார்த்தை இருந்திருக்கணும்?”

“வெறுப்பூட்டுகிறது.”

“‘வெறுப்’ வரைக்கும் விரலால மறைங்க. மிச்சத்தப் படிங்க.”

அவர் காற்றில் அந்தச் சொல்லை எழுதி, முன்பாதியைக் கட்டைவிரலால் மறைத்தார். “பூட்டுகிறது,” என்றார். குரல் தாழ்ந்துவிட்டது.

“மனுஷன் உக்காந்து மாத்தியிருந்தா இந்த இடத்தத் தொட்டிருக்க மாட்டான். மெஷினுக்கு வார்த்தை தெரியாது, எழுத்து வரிசைதான் தெரியும். ட, டி, டு எல்லாம் அதுக்கு ஒரே ‘ட’. கொக்கி பின்னால தொங்கற வால். ‘பூட்ட’ வர்ற இடத்துல எல்லாம் ‘சாத்த’ போடுன்னு ஒரே ஒரு வரி குடுத்தாப் போதும். பூட்டியது சாத்தியது ஆயிடும், பூட்டினேன் சாத்தினேன் ஆயிடும். பாவம், வெறுப்பும் மாட்டிக்கிச்சு.”

“அதான் மூலம் கேட்டியா.”

“அதான். இன்னொண்ணு. நம்மகிட்ட இருக்கற அத்தன ஃபைலும் கடைசியா மாறினது ஒரே நிமிஷம். செவ்வாய்க்கிழமை பதினொண்ணு நாப்பத்திரண்டு. காவலாளி அன்னிக்கு லாக்கப்ல இருந்தாரு.”

“ஆனா ஒண்ணு,” என்று கமா தாளின் கீழ்ப்பகுதியைக் காட்டினார். “இந்த ஆளும் லேசுப்பட்டவர் இல்ல. ‘லாரி எண்ணெய்க் குறித்துக்கொண்டேன்.’ ‘வேன் எண்ணெய்க் கேட்டு எழுதினேன்.’ கேட்டுக்கு வர்ற வண்டி எல்லாத்துலயும் எண்ணெய் வாங்கியிருக்காரு. எத்தன லிட்டர்னுதான் எழுதல.”

அதை நான் அந்த இடத்திலேயே காதில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. என் கண் கேட்டை ஒட்டிய தகரக் கூண்டின் மேல் இருந்தது. அதற்குள் ஒரு பழைய கணினி.

கேட்டில் புதுக் காவலாளி ஒருவர் நின்றிருந்தார். சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. கூண்டின் நிழலில் ஒரு பெண் பிளாஸ்டிக் பையோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.

“மேலாளரப் பாத்துட்டு வர்றோம்,” என்று கமா புதுக் காவலாளியிடம் சொன்னார். அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. “இந்தக் கம்ப்யூட்டரக் கொஞ்சம் பாக்கணும்.”

“தாராளமாப் பாருங்க. எனக்கு அத எங்க தட்டுனா எரியும்னே தெரியல.”

நான் உள்ளே நுழையும்போது அந்தப் பெண் எழுந்தார். “நீங்க ஆபீஸா?”

“இல்லக்கா. நீங்க?”

“இங்க இருந்தாரே, அவரு வீட்டுக்காரி. கண்ணாடியும் செருப்பும் குடையும் உள்ள இருக்கு. காலைல இருந்து கேக்கறேன். கேட்டுச் சொல்றேன்னே சொல்றாங்க.”

கண்ணாடி கணினிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதன் உடைந்த காலை நூலால் கட்டியிருந்தார்கள். எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை முந்தானையில் துடைத்தார்.

“அவரு பூட்டுனத சாத்துனதுன்னு எழுதிட்டாராம். போலீஸ் சொல்லுது,” என்றார். கோபம்கூட இல்லை, வெறும் குழப்பம். “அச்சாபீஸ்ல பன்னண்டு வருஷம் டைப் அடிச்ச மனுஷன். வெளிய கிளம்பும்போது கதவ சாத்திட்டேங்கன்னு சொன்னா, சாத்துனியா பூட்டுனியான்னு தெருவுல நிறுத்திக் கேப்பாரு. அவரா?”

எங்கள் வீட்டில் எழுதி வைக்கப்பட்ட எதுவும் எங்களுக்குச் சாதகமாக இருந்ததில்லை. அப்பா வேலை பார்த்த இடங்களில் அவர் சொன்னது வேறாகவும் தாளில் வந்தது வேறாகவும் இருக்கும். நான் படித்ததே அந்தத் தாளைப் படிக்கத்தான்.

“உக்காருங்கக்கா. பத்து நிமிஷம்,” என்றேன்.

கணினி ஆடி அசைந்து எழுந்தது. டைரி அப்படியே இருந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் அதனதன் தேதி. யாரும் தொடவில்லை. தொட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மேலாளருக்கு உண்மையிலேயே நகலும் மூலமும் ஒன்றுதான்.

கறுப்புத் திரையைத் திறந்து காலையில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். வரிகள் மழைபோல் கொட்டின. மெயின் கேட்டைப் பூட்டினேன். மெயின் கேட்டைப் பூட்டினேன். பின்கதவு பூட்டியிருக்கிறது, சாவி மேலாளரிடம். பின்கதவு பூட்டியிருக்கிறது. தீப்பிடித்த அன்று காலை ஏழு பத்துக்கும் அதே வரி. கீழே எண்ணிக்கை: ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம்.

“அக்கா,” என்று கமா வெளியே தலையை நீட்டினார். “உங்க வீட்டுக்காரரு சரியாத்தான் எழுதியிருக்காரு.”

அந்தப் பெண் கண்ணாடியைப் பைக்குள் வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

அதோடு நான் எழுந்திருக்கலாம். ஆனால் வேலையை அரைகுறையாக விட எனக்கு வராது. என் பென்டிரைவில் இருந்த நகலைப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் இடையே மாறியிருக்கும் வரிகளை மட்டும் காட்டச் சொன்னேன். பூட்டும் சாத்தும் மட்டும்தான் வரும் என்று நினைத்தேன்.

முதல் திரையிலேயே வேறொன்று வந்தது.

கேட் கணினியில்: ‘சுவற்றில் விரிசல்.’ நகலில்: ‘சுவரில் விரிசல்.’ கேட்டில்: ‘முயற்ச்சி செய்தேன்.’ நகலில்: ‘முயற்சி செய்தேன்.’

“பரவாயில்லையே,” என்றார் கமா. “திருடன் பிழையும் திருத்தியிருக்கான். என் இனம்.”

அடுத்த வரி. கேட்டில்: ‘லாரி எண்ணைக் குறித்துக்கொண்டேன்.’ நகலில்: ‘லாரி எண்ணெய்க் குறித்துக்கொண்டேன்.’

என் கை விசைப்பலகையிலேயே நின்றது.

கமாவும் பார்த்துவிட்டார்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம். அலுவலகத்தில் ஐந்து பேர் அறிக்கை எழுதுவார்கள், ஐந்து பேரும் ஒரே பிழைகளைச் செய்வார்கள். நான் கணினிக்கு ஒரு சின்னக் கட்டளைத் தொகுப்பு, ஒரு ஸ்கிரிப்ட், எழுதினேன். இடப்பக்கம் தவறான சொல், வலப்பக்கம் சரியான சொல் என்று ஒரு பட்டியல். ஒரு தட்டு தட்டினால் கோப்புறையில் இருக்கும் அத்தனை அறிக்கையும் திருந்திவிடும். சுவற்றில், சுவரில். முயற்ச்சி, முயற்சி. எண்ணை, எண்ணெய்.

‘எண்’ணோடு ‘ஐ’ சேர்ந்தாலும் ‘எண்ணை’ என்றுதான் வரும் என்று அந்த வாரம் எனக்குத் தோன்றவில்லை. ‘வண்டி எண்ணெய்க் கேட்டதும் அவர் தடுமாறினார்’ என்று ஓர் அறிக்கை கட்சிக்காரருக்குப் போயிற்று. ஒரு மாதம் சிரித்தார்கள். கமா என் மேசையில் ஓர் எண்ணெய் பாட்டிலை வைத்து, சீட்டில் ஒரு வண்டி எண்ணையும் எழுதி ஒட்டினார். அன்றே எல்லாக் கணினியிலும் அந்த வரியை அழித்தேன்.

எல்லாக் கணினியிலும். ஒரு பென்டிரைவில் மட்டும் அழிக்கவில்லை.

‘எனக்கும் ஒண்ணு போட்டுக் குடும்மா,’ என்று கேட்டு வாங்கியவர் ஒருவர். ‘எனக்கு இந்தக் கறுப்புத் திரை எல்லாம் வராது. எங்க என்ன தட்டணும்னு மட்டும் ஒரு அட்டைல எழுதிக் குடு.’ எழுதிக் கொடுத்தேன். ‘புதுச் சொல் சேர்க்க வேண்டுமானால் பட்டியலின் கடைசியில் சேர்க்கவும்.’

அவர் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார். மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

“திங்கக்கிழமை வாங்கியிருக்காரு,” என்றேன். “புதன்கிழமை என்கிட்டக் குடுத்து, இப்பத்தான் வந்துச்சுன்னாரு. நடுவுல செவ்வாய்க்கிழமை.”

“இன்ஸ்பெக்டரா?” என்றார் கமா. அவரோடு எட்டு வருடம் இருந்தவர். “இரு. யோசிப்போம். எண்ணெய விட்டுடு. பூட்டு மட்டும் எழுது. கேட்ல ஒண்ணு இருக்கு, நகல்ல ஒண்ணு இருக்கு, யாரோ மாத்தியிருக்காங்க. அவ்வளவுதான். யாருன்னு அவங்க தேடிக்கட்டும்.”

“யாரோன்னு எழுதினா, அந்த யாரோவத் தேடிக் கண்டுபிடிக்கற வரைக்கும் இவரு உள்ளதான் இருப்பாரு.”

“அது உன் ஸ்கிரிப்ட்டு தங்கச்சி. உன் கையெழுத்துல ஒரு அட்டை அவருகிட்ட இருக்கு. நீதான் மாத்துனன்னு அவரு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது.”

“சொல்லுவாரு.”

“உனக்குப் பின்னால யாரு இருக்கா? அப்பாவா வந்து பேசப் போறாரு?”

அது வலிக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் வலித்தது. கூண்டுக்கு வெளியே அந்தப் பெண் புதுக் காவலாளியிடம் குடையைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் பின்னால் யாரும் இல்லை. அதனால்தான் அவர் கணவரைப் பிடித்தார்கள். இன்ஸ்பெக்டர் என் ஸ்கிரிப்டை எடுத்ததும் அதனால்தான்.

கேட் கோப்புகளை நகலெடுத்தேன். எடுக்கும்போது புதுக் காவலாளியைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, நேரத்தை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். கமா குடையையும் செருப்பையும் எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

“நாலு மணிக்கு விசாரணை ஆபீசுக்கு வந்துடுங்கக்கா,” என்றேன். “அவரு கண்ணாடியக் கொண்டு வாங்க. அவரக் கூட்டிட்டு வந்தா, படிக்க வேண்டியிருக்கும்.”

அலுவலகத்துக்கு நான் வரும்போது மூன்றரை. சான்று தட்டச்சாகி இன்ஸ்பெக்டர் மேசையில் தயாராக இருந்தது. மேலே அவருடைய பேனா. காவல்துறையை விட்டு எட்டு வருடம் ஆகிவிட்டது. இன்னும் யாரும் அவரை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவரும் விட்டதில்லை.

“மூலம் கேட்டியாமே,” என்றார்.

“கேட்டேன் சார்.”

“கேக்காதேன்னு சொல்லியிருக்கேன்.”

“ஏன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, சுற்றி வளைக்கவில்லை. “எப்படித் தெரிஞ்சுது?”

“எண்ணெய் வடிஞ்சுது சார்.”

அவருக்குப் புரியவில்லை. தாளை எடுத்துக் காட்டினேன். படித்தார். இரண்டாவது முறை படிக்கும்போது கழுத்து சிவந்தது. அந்த ஒரு நொடி அவர் என்மேல் கோபப்படவில்லை, தன் மேல்தான்.

“உக்காரு,” என்றார். “அந்த ஃபேக்டரில ஐநூறு குடும்பம் இருக்கு. மேலாளர் உள்ள போனா ஃபேக்டரிய மூடிடுவாங்க. ஒரு கேட்காரனுக்காக ஐநூறு வீடு. நான் யோசிச்சுத்தான் செஞ்சேன்.”

“மூடறதா, பூட்டறதா சார்? தெளிவாச் சொல்லுங்க.”

“வாய் நீளுது. உன்ன மாதிரி வீட்டுல இருந்து வந்த பொண்ணுக்கு இந்த நாற்காலிய யாரு குடுத்தா? இன்டர்வியூல ஒரு கேள்விக்கு ஒழுங்கா பதில் சொன்னியா நீ? நான் எடுத்தேன்.”

“எடுத்தீங்க. மாட்டிக்கிட்டா காட்டறதுக்கு ஒரு ஆள் வேணும்னு எடுத்தீங்களான்னுதான் மதியத்துல இருந்து யோசிக்கறேன்.”

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். நான் எழுதிக் கொடுத்த அட்டையை எடுத்துச் சான்றின் மேல் வைத்தார். ஓரம் மடங்கியிருந்தது, என் கையெழுத்து அப்போது இன்னும் உருண்டையாக இருந்திருக்கிறது.

“இது யாரு எழுத்து? ஸ்கிரிப்ட் யாருது? இந்த ஆபீஸ்ல கறுப்புத் திரை தெரிஞ்சது யாருக்கு? நான் இல்லேன்னு சொல்லுவேன். யார நம்புவாங்க?”

“உங்களத்தான் சார்.”

“தெரியுதில்ல? கையெழுத்துப் போடு.”

“போட்டுட்டேன்.”

அவர் கீழே பார்த்தார். சான்றில் என் பெயருக்கு மேலே இடம் காலியாக இருந்தது.

“இதுல இல்ல சார். ரெண்டே முக்காலுக்கு விசாரணை ஆபீஸ்ல ஒண்ணு குடுத்தேன். நாலு பக்கம். ரெண்டு டைரியும் கூட இருக்கு. வாங்கினதுக்கு முத்திரை போட்டுக் குடுத்துட்டாங்க.” முத்திரை குத்திய நகலை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். “நீங்க சொல்லப் போறத நானே முதல் வரியில எழுதிட்டேன்.”

அவர் குனிந்து படித்தார். ‘இந்தக் கோப்புகளை மாற்றிய ஸ்கிரிப்டை எழுதியவள் நான். அதன் பழைய பிரதி யாரிடம் இருக்கிறது என்பதைக் கீழே குறிப்பிட்டுள்ளேன்.’

“உன் பேரும் போகும்,” என்றார். குரல் உடைந்திருந்தது. “இனிமே எவனும் உனக்கு வேலை தர மாட்டான். புரியுதா?”

“புரியுது சார்.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அப்பாவுக்கு ஸ்கிரிப்ட் என்றால் என்ன என்று விளக்குவதைவிட, வேலை போய்விட்டது என்று சொல்வது சுலபம். அதை முதலில் சொல்வேன்.

மேசைத் தொலைபேசி அடித்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை. நான்கு முறை, ஐந்து முறை.

“எடுங்க சார்,” என்றேன். “உங்களத்தான் கேப்பாங்க.”

அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தேன். மணி மூன்று நாற்பது. விசாரணை அலுவலகம் நடக்கிற தூரம்தான், வேகமாக நடந்தால் அந்த அக்காவுக்கு முன்னால் போய்விடலாம். பின்னால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் அதற்குள் மாடிப்படியில் பாதி இறங்கியிருந்தேன்.